தட்டுக்கு வருமுன் ஒரு விடை

உணவில் ஒளிந்திருக்கும் பூச்சிமருந்தைக் காட்டிக்கொடுக்க இறால் ஓட்டிலிருந்து ஒரு சின்னப் பட்டை தயாராகிறது. விஞ்ஞானம் ஏறக்குறையத் தன் பங்கை முடித்துவிட்டது. பட்டை யார் கையில் இருக்கப்போகிறது என்பதுதான் இனி கேள்வி.

2013 ஜூலை 16. பீஹாரின் சரண் மாவட்டத்தில் உள்ள தர்மசதி கண்டாமன் கிராமத்து ஆரம்பப் பள்ளியில் மதிய உணவு தயாராகிக்கொண்டிருந்தது. சோறு, சோயாவும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. எண்ணெயை வாணலியில் ஊற்றிய சமையல்காரப் பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நிறம் வேறு மாதிரி இருந்தது. வாடையும் வழக்கமான வாடையாக இல்லை. தலைமையாசிரியையிடம் சொன்னார். சமையல் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த குழந்தைகளும் ருசி சரியில்லை என்றார்கள். பந்தியும் நிற்கவில்லை. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் 23 குழந்தைகள் இறந்தார்கள். எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து என்று தடயவியல் பரிசோதனைக்கூடம் பிறகு சொன்னது. 2016ல் நீதிமன்றம் தலைமையாசிரியைக்கு 17 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

விஷத்தின் பெயரைச் சொன்னது பரிசோதனைக்கூடம். விஷம் இருக்கிறது என்று முதலில் சொன்னது ஒரு பெண்ணின் மூக்கு. அதை உறுதி செய்தது குழந்தைகளின் உடல்.

இந்தியாவில் இது பழைய வழக்கம். 1958ல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் வந்த கோதுமை மாவோடு பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்திருந்தது. வழியில் மருந்து ஒழுகி மாவில் கலந்துவிட்டது. அந்த மாவில் செய்த பலகாரத்தைத் தின்றவர்கள் சாய்ந்த பிறகுதான் மாவில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டார்கள். அந்த மரணங்களுக்குப் பத்தாண்டு கழித்து, 1968ல், நாடு முழுமைக்குமான பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, கண்டுபிடிக்கும் முறை மாறவில்லை. முதல் சோதனைக் கருவி எப்போதும் மனித உடல்தான்.

அந்த வேலையை மனிதனிடமிருந்து எடுத்து, இறால் ஓட்டிலிருந்து செய்த ஒரு மெல்லிய படலத்திடம் ஒப்படைக்க முடியுமா என்று உலகெங்கும் பல பரிசோதனைக்கூடங்கள் முயன்று வருகின்றன. உயிர் உணரி என்றும் பயோசென்சார் என்றும் சொல்லப்படும் இந்தக் கருவியின் கதை, மனித நரம்பில் ஆரம்பிக்கிறது.

கரும்பலகையும் டஸ்டரும்

நரம்பு தசைக்குச் சொல்ல வேண்டியதை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் மூலம் சொல்கிறது. சொல்லி முடித்ததும் அந்த ரசாயனம் அங்கேயே கிடக்கக் கூடாது. கிடந்தால் தசைக்குக் கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எனவே அதைத் துடைத்தெறிய ஓர் என்சைம் காத்திருக்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் எழுத எழுத, பின்னாலேயே ஒரு பையன் டஸ்டரால் அழித்துக்கொண்டே வருவது மாதிரி. அந்த என்சைமின் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்.

மோனோகுரோட்டோபாஸ், பாரத்தியான் முதலிய ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் இந்த டஸ்டரைத்தான் பிடித்துக்கொள்கின்றன. கார்பமேட் வகை மருந்துகளும் அப்படியே. டஸ்டர் போனால் பலகை முழுக்க எழுத்து நிரம்பிவிடும். வாயில் எச்சில் ஒழுகும். கண்மணி சுருங்கும். வேர்த்துக் கொட்டும். தசை துடிக்கும். கடைசியில் மூச்சுவிட வேண்டிய தசைகள் வேலைசெய்ய மறுக்கும்.

பூச்சியின் நரம்பிலும் இதே என்சைம்தான். அதனால்தான் அது பூச்சிமருந்து. மனிதனின் நரம்பிலும் இதே என்சைம் என்பதால் அது மனித விஷமும்கூட. இந்த உறவு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1936ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ரசாயன விஞ்ஞானி புதிய பூச்சிமருந்து ஒன்றைத் தேடினார். கிடைத்தது டாபுன் என்ற நரம்பு வாயு. ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. அதே மனிதர் பின்னர் உருவாக்கியதுதான் பாரத்தியான். அதை விவசாயம் எடுத்துக்கொண்டது.

இந்திய மொழிகள் இந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் பெயரையும் கவனிக்க வேண்டும். தமிழில் மருந்து. மலையாளத்திலும் மருந்து. தெலுங்கில் மந்து. இந்தியில் தவாய். கன்னட விவசாயி ஒளஷதி என்கிறார். தண்ணீர்ப் பங்கீட்டில் ஒத்துப்போகாத மாநிலங்கள் இந்த ஒரு சொல்லில் ஒத்துப்போகின்றன. ‘மருந்து அடிச்சாச்சா?’ என்று கேட்கும் விவசாயி பயிருக்கு வைத்தியம் பார்ப்பதாகவே நினைக்கிறார். டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தாலும் சொல் அதை மறைத்துவிடுகிறது. காலியான மருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் வீடுகளுக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

மூக்குக்கு எட்டாதது

கண்டாமன் எண்ணெயில் இருந்தது ஏராளமான விஷம். அதனால்தான் வாடை வந்தது. காய்கறிக்கடையில் இருப்பது அப்படிப்பட்டதல்ல. அதற்கு வாடை இல்லை, கசப்பு இல்லை, தின்ற அன்று யாரும் விழுவதில்லை.

இங்கே கணக்கு மில்லிகிராமில் நடக்கிறது. தனியாக வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு ஒரு கிலோ உணவில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பாவின் பொது விதி. இந்திய விதியும் பெரும்பாலான உணவுகளுக்கு அதுவே. பத்து டன் தக்காளி ஏற்றிய லாரியில் எல்லாமாகச் சேர்த்து 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அந்தச் சிட்டிகையை லாரிக்குள் தேட வேண்டும்.

சிட்டிகைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2020ல் ஐரோப்பிய ஒன்றியம் குளோர்பைரிபாஸ் என்ற மருந்தை விலக்கியதற்கான காரணங்களில் ஒன்று, வளரும் குழந்தையின் மூளையை அது பாதிக்கலாம் என்ற அச்சம். ஒரே ஒரு நாள் தின்றதால் வரும் பாதிப்பைப் பற்றியதல்ல அந்த அச்சம். தினமும் தின்பதைப் பற்றியது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த இந்தியாவில் 2005லேயே தடை வந்தது. ஆனால் பருத்திக்கென்று அது கடையில் தொடர்ந்து விற்கப்பட்டது. பருத்திக்கு வாங்கிய டப்பா பக்கத்து வெண்டைப் பாத்திக்குப் போகாமல் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

இல்லத்தரசிகள் தங்கள் அளவில் போராடுகிறார்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், வினிகர், மஞ்சள்தூள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை. கழுவினால் தோலின் மேல் இருப்பது ஓரளவு போகும். மோனோகுரோட்டோபாஸ் போன்றவை செடியின் சாற்றிலேயே ஊடுருவி நிற்பவை. அவற்றை எந்தக் குழாய்த் தண்ணீரும் எட்டாது. போயிற்றா, இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் சமையலறையில் வழி கிடையாது. வெண்டைக்காய் கழுவுவதற்கு முன்பும் பச்சைதான், பின்பும் பச்சைதான்.

லாரிக்குப் பின்னால் ஓடும் அறிக்கை

பரிசோதனைக்கூடத்தால் அந்தச் சிட்டிகையைக் கண்டுபிடிக்க முடியும். காயை அரைத்து, கரைப்பானில் சாறு எடுத்து, சுத்தம் செய்து, குரோமட்டோகிராபி கருவியில் பிரித்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்த்து, எந்த மருந்து, எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடலாம். நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சி அது. ஆனால் கருவியின் விலை கோடிகளில். இயக்குபவர் படித்த ரசாயன நிபுணர். மாதிரி போய்ச் சேர்ந்து அறிக்கை திரும்ப நாட்கள் பிடிக்கும்.

தில்லி ஆஜாத்பூர் மண்டியில் அந்த நாட்கள் கிடையாது. விடியுமுன் லாரிகள் நுழைகின்றன. காஷ்மீர் ஆப்பிள், இமாசலத் தக்காளி, நாசிக் வெங்காயம் எல்லாம் ஏலத்தில் கைமாறி, வெயில் ஏறுவதற்குள் தெருவண்டிகளில் கிளம்பிவிடுகின்றன. காலையில் மாதிரி எடுத்தால், அன்றிரவே அந்தச் சரக்கு ராஜஸ்தானியின் சப்ஜியாகவும் கரோல் பாக் தமிழ்க் குடும்பத்தின் சாம்பாராகவும் ஆகியிருக்கும். வாரம் கழித்து அறிக்கை வருகிறது. அதில் உள்ள எண் சரியான எண். அந்தத் தக்காளியைத் தின்றவர்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

முன்கூட்டியே சோதிக்க இந்தியாவுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சைக்கு அது நடக்கிறது. 2006 முதல் ஏற்றுமதித் திராட்சைத் தோட்டங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. தோட்டத்திலேயே மாதிரி எடுத்துச் சோதித்து, தேறினால்தான் பெட்டி கப்பலேறும். கொடியிலிருந்து துறைமுகம் வரை ஒவ்வொரு பெட்டிக்கும் ஜாதகம் உண்டு. அதே மகாராஷ்டிரத்தில் விளைந்து மும்பை தாதருக்கும் சென்னை கோயம்பேட்டுக்கும் போகும் திராட்சைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜெர்மனியின் குழந்தைக்கு ஒரு திராட்சை, இந்தியக் குழந்தைக்கு ஒரு திராட்சை.

உள்நாட்டுச் சரக்கு அத்தனையையும் கோடி ரூபாய்க் கருவியில் ஏற்ற முடியாது என்பது உண்மை. எல்லாவற்றையும் அதில் ஏற்றவும் வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது எது என்று வாசலிலேயே சொல்ல ஒரு மலிவான கருவி இருந்தால் போதும். உயிர் உணரி அங்கேதான் வருகிறது.

இறால் ஓடு செய்யும் உதவி

யோசனை எளிமையானது. பூச்சிமருந்து எந்த என்சைமைத் தாக்குகிறதோ அதே என்சைமை உடலுக்கு வெளியே வைத்து, அது தாக்கப்படுகிறதா என்று பார்ப்பது. 1962ல் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க், என்சைமை மின்முனையோடு சேர்த்து ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் வழியைக் காட்டினார். இன்று கோடிக்கணக்கான வீடுகளில் விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் சர்க்கரைக் கருவி அதன் பேரப்பிள்ளை. பூச்சிமருந்து உணரியும் அதே குடும்பம்தான்.

என்சைமுக்கு ஒரு குணம் உண்டு. உடலுக்குள் இருக்கும்வரை ராஜா. வெளியே வந்தால் நோயாளி. தண்ணீரில் விட்டால் கரைந்து ஓடும், காய்ந்தால் உருக்குலையும், வெயில் பட்டால் செத்துவிடும். மின்முனையின் மேல் அதைப் பிடித்து உட்கார வைக்க ஒரு பாய் வேண்டும். ஈரமாக இருக்க வேண்டும், ஓட்டைகள் இருக்க வேண்டும், என்சைமை நெரிக்கவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. இந்தத் தகுதிகள் எல்லாம் உள்ள பொருளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இடம் மீன் தொழிற்சாலையின் குப்பைத் தொட்டி.

இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்ற உயிரி பாலிமர் இருக்கிறது. செடிகளின் செல்லுலோஸுக்கு அடுத்து இயற்கையில் மிக அதிகமாகக் கிடைப்பது இதுவே. ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும். காரத்தில் ஊறவைத்தால் புரதம் போகும். எஞ்சிய கைட்டினைக் கடுமையான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். ஏராளமாக இறால் ஏற்றுமதி செய்யும் இந்தியாவில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், இந்தக் கழிவிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் எடுக்கும் முறையை உருவாக்கித் தந்திருக்கிறது.

கைட்டோசான் சாதாரணத் தண்ணீரில் கரையாது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தில் கரையும். கரைசலை மின்முனையில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தால் கண்ணுக்குத் தெரியாத படலம். அதன் அமைன் பிடிகள் என்சைமைப் பற்றிக்கொள்கின்றன. மின்சாரம் நன்றாகப் பாய அதில் தங்கத்தின் நுண்துகளையோ கார்பன் நானோகுழாய்களையோ கலப்பார்கள். மன்னார் வளைகுடா போன்ற இடங்களின் பழுப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், காகிதமாக நமக்குப் பழக்கமான செல்லுலோஸ் ஆகியவையும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன. எல்லாமே மலிவானவை, மக்கிப் போகக்கூடியவை.

சோதனை இப்படி நடக்கும். என்சைமுக்குப் பிடித்தமான அசிட்டைல்தயோகோலின் என்ற இரையைக் கொடுக்கிறார்கள். என்சைம் அதை வெட்டுகிறது. வெட்டிய துண்டு மின்முனையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு பட்டையைக் காய்கறிச் சாற்றில் சில நிமிடம் வைத்திருந்து, மறுபடி இரையைக் கொடுக்கிறார்கள். மின்னோட்டம் முன்போலவே இருந்தால் என்சைம் நலம். குறைந்திருந்தால் யாரோ அதன் கையைக் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து விஷத்தின் அளவை மதிப்பிடலாம். மீட்டர் இல்லாத காகிதப் பட்டையும் உண்டு. பரவலாக உள்ள ஒரு வகையில் நீலம் வந்தால் என்சைம் உயிரோடு இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஆபத்து.

ஒருமுறை பயன்படுத்திய படலத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. பிராலிடாக்சிம் என்ற ரசாயனத்தில் முக்கினால் கட்டுண்ட என்சைம் பெருமளவு விடுபடும். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கும் தெளிக்கும்போது மயங்கி விழுந்தவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் அட்ரோபினோடு சேர்த்து ஊசியில் ஏற்றும் மருந்தும் இதுதான். படலத்தில் நடப்பதும் படுக்கையில் நடப்பதும் ஒரே போராட்டம். படலத்தில் தோற்றால் படலத்தை எறிந்துவிடலாம்.

ஈயின் சாட்சி

இதெல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும், சந்தையில் நடக்குமா என்று கேட்பவர்களுக்குத் தைவான் பதில் வைத்திருக்கிறது. அங்குள்ள விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 1985லேயே என்சைம் சோதனையை வயலுக்கும் மண்டிக்கும் கொண்டுபோனது. என்சைம் எடுத்தது வீட்டு ஈக்களிலிருந்து. காய்கறி விளையும் ஊர்களிலும் மொத்தச் சந்தைகளிலும் சோதனை நிலையங்கள் வந்தன. சாற்றைக் கலந்து சில நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்கள். சீனா 2003ல் இதே அடிப்படையிலான விரைவுச் சோதனையைத் தேசியத் தரமுறையாகவே வெளியிட்டது.

அந்த ஏற்பாடுகளில் பயன்பட்டது பழைய தலைமுறைச் சோதனை. கைட்டோசான் படலமும் நுண்துகள்களும் வருவதற்கு முந்தையது. அதற்கே இவ்வளவு செய்ய முடிந்தது. காரணம் அதன் நுட்பம் மட்டுமல்ல. அது நின்ற இடம். சரக்கு கிளம்பும் முன்பு அது கேட்டது. விடை மோசமாக இருந்தால் சரக்கை நிறுத்த அங்கே ஆள் இருந்தது.

இந்தியாவிலும் ஆய்வுக்குக் குறைவில்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உள்படப் பல இடங்களில் பூச்சிமருந்து உணரிகள் பற்றி ஆண்டுக்கணக்கில் வேலை நடந்திருக்கிறது. கட்டுரைகள் வெளியாகின்றன, பட்டங்கள் கிடைக்கின்றன. கட்டுரையிலிருந்து காய்கறிச் சந்தைக்கு வரும் பாதைதான் நீளம்.

பட்டை சொல்லாதது

பாதை நீள்வதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. பரிசோதனைக்கூடத்தில் சுத்தமான கரைசலில் மிகமிக நுண்ணிய அளவைப் பிடித்துவிடும் உணரி, வெங்காயச் சாற்றில் விட்டால் தடுமாறும். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி போன்றவற்றில் இயற்கையாக உள்ள பொருட்கள் மருந்தே இல்லாதபோதும் மருந்து இருப்பதாகப் பொய் சொல்ல வைக்கும். சில உலோகங்களும் என்சைமைத் தடுக்கும். ராஜஸ்தானின் மே மாத வெயிலில் பையில் சுமந்து சென்ற பட்டை, சோதனைக்கு முன்பே செத்திருக்கலாம்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. குளோர்பைரிபாஸ், பாரத்தியான் போன்ற மருந்துகள் டப்பாவில் இருக்கும் வடிவத்தில் என்சைமை அவ்வளவாகத் தாக்குவதில்லை. உடலுக்குள் போனபின் கல்லீரல் அவற்றைச் சற்றே மாற்றுகிறது. மாறிய வடிவம்தான் கொல்லும் வடிவம். பட்டைக்குக் கல்லீரல் கிடையாது. சாற்றை முதலில் ரசாயன முறையில் அப்படி மாற்றிக் கொடுக்காவிட்டால், அது ஏமாந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று. இந்த என்சைமைத் தாக்கும் இரு குடும்பங்களைத் தவிர மற்ற மருந்துகளைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. பைரித்ராய்டுகள், நியோநிக்கோட்டினாய்டுகள், பூஞ்சைக்கொல்லிகள், களைக்கொல்லிகள் எல்லாம் இதன் கண்முன்னாலேயே கடந்துபோகும். 2010ல் இந்தியத் திராட்சையை ஐரோப்பா திருப்பி அனுப்பியது நினைவிருக்கலாம். அதில் இருந்தது குளோர்மெக்வாட் குளோரைடு. கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெளிப்பது. அன்று இந்தப் பட்டை இருந்திருந்தால் அழகாக நீலம் காட்டியிருக்கும். அவ்வகை மருந்துகளுக்கென்று வேறு உணரிகள், ஆன்டிபாடி வைத்தவையும் பாலிமரிலேயே மருந்தின் அச்சுப் பதித்தவையும், உருவாகி வருகின்றன. ஒரே பட்டையில் எல்லாம் என்று யாராவது விற்றால் நம்பக் கூடாது.

ஆகவே நீலம் என்பது நற்சான்றிதழ் ஆகாது. வெள்ளை என்பது தீர்ப்பும் ஆகாது. நிறுத்தி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பு என்ற எச்சரிக்கை. இந்த வரம்பைச் சொல்லாமல் பட்டையைக் கடைவீதியில் இறக்கினால், ‘மருந்தில்லாக் காய்’ என்ற போர்டுகள்தான் பெருகும்.

யார் கையில்?

பள்ளிச் சமையலறைக்கு வருவோம். பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவராவது ருசித்துப் பார்க்க வேண்டும் என்பது மதிய உணவுத் திட்டத்தின் விதி. நல்லெண்ணத்தில் பிறந்த விதிதான். விதியின் பொருள் என்ன? குழந்தையின் என்சைமுக்கு முன்னால் ஆசிரியரின் என்சைமை வை என்பது. அதே என்சைமைப் படலத்தில் வைத்து, பாத்திரத்தில் ஊற்றும் முன்பே எண்ணெயைச் சோதிக்க முடியும் என்றால், ஆசிரியரை அந்த வேலையிலிருந்து விடுவிப்பதே முறை.

ஆனால் பட்டையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. கண்டாமன் பள்ளியில் எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. சரியான நேரத்தில், சரியான ஆளிடமிருந்து வந்தது. வாடை சரியில்லை என்று சொன்ன சமையல்காரருக்கு அடுப்பை அணைக்கும் அதிகாரம் இருக்கவில்லை. சொற்பச் சம்பளத்தில் ஊழியம் செய்யும் ஏழைப் பெண்ணின் மூக்கை நம்பாதவர்கள், அதே பெண் நீட்டும் பட்டையை நம்புவார்கள் என்று எப்படிச் சொல்வது? பட்டை வெள்ளையானால் பானையைக் கவிழ்க்கலாம், அதற்காக யாரும் கேள்வி கேட்க முடியாது என்ற உத்தரவு பட்டையோடு சேர்ந்து வர வேண்டும்.

வயலில் நிற்பவருக்கும் இதில் பங்கு உண்டு. 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். காய்கறியில் மில்லிகிராமாக வருவது அவர்கள் முதுகில் லிட்டராகச் சுமக்கப்படுகிறது. காய்ச் சாற்றில் பார்க்கும் சோதனையை மனித ரத்தத்திலும் பார்க்கலாம். ரத்தத்தில் அந்த என்சைம் குறைந்துகொண்டு வந்தால் இந்த ஆள் இனி தெளிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிடலாம். உணவு உண்பவரின் பயத்துக்காகப் பிறக்கும் கருவி, உணவு விளைவிப்பவரின் உயிருக்கும் உதவுமானால் அதன் பெருமை இன்னும் கூடும்.

கடைசியாகக் காசு. வெண்டைக்காயைப் பருவத்தில் ஒன்றுவிட்ட ஒரு நாள் பறிக்க வேண்டும். மருந்து அடித்தபின் இத்தனை நாள் காத்திருந்து பறி என்கிறது டப்பாவின் மேல் உள்ள சீட்டு. காத்திருந்தால் காய் முற்றிவிடும். முற்றிய காயை மண்டியில் சீந்துவார் இல்லை. காத்திருக்காத விவசாயி கொடியவர் அல்ல, கணக்குத் தெரிந்தவர். அவர் வயலுக்குப் பட்டை போய், அது வெள்ளையாக நின்றால், அந்தப் பறிப்பை அவர் கீழே கொட்ட வேண்டும். கொட்டியவருக்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் பட்டையை மட்டும் அனுப்பினால், முதல் முறை வெள்ளையைக் கண்டதும் விவசாயி பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் காயை லாரியில் ஏற்றுவார்.

ஏற்றுமதித் திராட்சைக்கு அந்த விடை இருக்கிறது. சோதனையில் தேறிய பழத்துக்கு வெளிநாட்டில் நல்ல விலை. அந்த விலைக்காக விவசாயி காத்திருக்கிறார். உள்ளூர்ச் சந்தையில் தேறிய வெண்டைக்கும் தேறாத வெண்டைக்கும் ஒரே விலை. இறால் ஓடு எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் இந்த நிலை மாறாது. மண்டி வாசலில் நீலப் பட்டையோடு வரும் மூட்டைக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாயாவது கூடுதலாகத் தர யாராவது முன்வரும் நாளில், எந்த அதிகாரியும் வற்புறுத்தாமலேயே விவசாயி பட்டை கேட்டு வருவார்.